அவள் பெயர் நாதிரா

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

காதல் கைகூடாமல் போன கதையைச் சொல்லும் பழைய படம் ஒன்றைப் பற்றிப் பேச முடியுமா என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டார்கள். எந்தப் படம் என்று நான் யோசிக்கவே இல்லை. ‘முகல்-ஏ-ஆசம்’ என்று உடனே சொல்லிவிட்டேன். 1960ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் தேதி வெளியான படம். கே. ஆசிஃப் இயக்கினார். பிருத்விராஜ் கபூர் அக்பராக நடித்தார், திலீப் குமார் இளவரசர் சலீமாக, மதுபாலா அனார்கலியாக. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களும் அதில் ஒரு பாட்டையாவது கேட்டிருப்பீர்கள்.

நானும் அப்படித்தான், முதலில் கேட்டவள். சின்ன வயதில் எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியில் ‘பியார் கியா தோ டர்னா க்யா’ அடிக்கடி வரும். எனக்கு இந்தியும் தெரியாது, உருதும் தெரியாது. லதா மங்கேஷ்கரின் குரல் துள்ளித் துள்ளி மேலே போவதைக் கேட்டு, அது ஒரு கொண்டாட்டப் பாட்டு என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். உயிர் போனாலும் போகட்டும் என்று துணிந்துவிட்ட ஒரு பெண் பாடுகிற பாட்டு அது என்று படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அப்போதும் வசனம் புரியவில்லை. அப்புறம் உருது நன்றாகத் தெரிந்த தோழி ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு வரி அர்த்தம் சொல்ல, மறுபடி முழுவதும் பார்த்தேன். அன்றைக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இன்று அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

இந்தப் படத்தில் பெயர் என்பது பெரிய விஷயம். யாருக்குப் பெயர் உண்டு, யாருக்கு இல்லை, யார் யாரைப் பெயர் சொல்லி அழைக்கலாம் என்பதில்தான் கதையின் உயிரே இருக்கிறது. தலைப்பிலேயே அது தொடங்கிவிடுகிறது. ‘முகல்-ஏ-ஆசம்’ என்றால் மாபெரும் முகலாயர். அதாவது அக்பர். 1961ல் தமிழ் பேசிக்கொண்டு வந்தபோதும் ‘அக்பர்’ என்றே தலைப்பு. 1953ல் பீனா ராய் நடித்து இதே கதை இந்தியில் வந்தது, 1955ல் அஞ்சலி தேவி நடித்துத் தெலுங்கில் வந்தது. அவற்றுக்கெல்லாம் ‘அனார்கலி’ என்றுதான் பெயர். ஆசிஃப் மட்டும் அவள் பெயரை எடுத்துவிட்டு அரசர் பட்டத்தை வைத்தார். ஆனால் படம் முடிந்து எழுந்திருக்கும்போது நம் மனதில் நிற்பது யார்? அவள்தான்.

அனார்கலி என்பதும் அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. படத்தில் அவள் பெயர் நாதிரா. அரண்மனைப் பணிப்பெண். தாயும் பணிப்பெண். பல ஆண்டுகள் போர்க்களத்தில் இருந்துவிட்டு இளவரசர் சலீம் வீடு திரும்புகிறான். அவனை வரவேற்க ஒரு சிலை செய்யச் சொல்கிறார்கள். சிற்பியால் குறித்த நேரத்துக்குள் சிலையை முடிக்க முடியவில்லை. அதனால் நாதிராவைச் சிலையாக நிற்க வைத்துவிடுகிறான். சலீம் அம்பு எய்து திரையை அறுக்க வேண்டும். அம்பு பாய்ந்து வருகிறது. அவள் கண் இமைக்கவில்லை. சிலை உயிருள்ள பெண் என்று தெரிந்ததும் எல்லாரும் திகைத்துப் போகிறார்கள். அம்பைக் கண்டு ஏன் விலகவில்லை என்று அக்பர் கேட்கிறார். கதையில் கேட்டது நிஜமாக நடப்பதைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்கிறாள். அந்தப் பதிலில் மயங்கி அரசர் அவளுக்கு ஒரு பட்டம் தருகிறார். அனார்கலி, மாதுளை மொட்டு. அந்த நிமிடத்திலிருந்து நாதிராவை யாரும் நாதிரா என்று கூப்பிடுவதில்லை.

அரசர் கொடுத்த பெயர். பிறகு அந்தப் பெயரையே அரசர் வெறுக்கிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

சலீமுக்கும் அவளுக்கும் காதல் வருகிறது. அது எப்படி வந்தது என்று விளக்கிக்கொண்டிருக்க இங்கே அவசியம் இல்லை; படமும் அதை அதிகம் விளக்கவில்லை. ஆனால் ஒரு காட்சியைச் சொல்லாமல் விட முடியாது. அரண்மனையில் ஒரு கவ்வாலிப் போட்டி, அதாவது குழுவாகப் பாடும் பாட்டுப் போட்டி, நடக்கிறது. ஒரு பக்கம் அனார்கலி. எதிர்ப்பக்கம் பஹார். பஹாரும் பணிப்பெண்தான். ஆனால் அரசியாகிவிட வேண்டும் என்ற ஆசை உள்ளவள். காதல் என்றால் என்ன என்பதுதான் பாட்டில் விவாதம். தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் சலீம். அவன் பஹாருக்கு ரோஜாவைக் கொடுக்கிறான், அனார்கலிக்கு முள்ளை. அவள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக ஏற்கிறாள். முள்ளுக்கு வாடிவிடுவோமோ என்ற பயம் இல்லையே என்கிறாள்.

நான் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்தவள். அக இலக்கியத்தில் முல்லை, நெய்தல் என்று பூக்களின் பெயரில் காதல் பேசிப் பழகியவர்கள் நாம். முள்ளைக் கையில் வாங்கி இப்படி ஒருத்தி பதில் சொல்லிக் கேட்டபோது, இந்தப் பெண் நமக்குத் தெரிந்தவள்தான் என்று தோன்றிவிட்டது.

இனி அந்த இரவுக் காட்சி. மயிலிறகோ, வேறு பறவையின் இறகோ, ஒரு வெள்ளை இறகால் சலீம் அவள் முகத்தை வருடுகிறான். அவ்வளவுதான். வசனம் இல்லை. தூரத்தில் அக்பரின் அவைப் பாடகர் தான்சேன் பாடிக்கொண்டிருக்கிறார். அந்தத் தான்சேனுக்குக் குரல் கொடுத்தவர் உஸ்தாத் படே குலாம் அலி கான். சினிமாவில் பாடுவதில் அவருக்கு விருப்பம் இல்லை. தட்டிக் கழிக்க நினைத்து, பாட்டுக்கு 25,000 ரூபாய் கேட்டார் என்பார்கள். முன்னணிப் பாடகர்களுக்கே ஒரு பாட்டுக்கு ஆயிரம் ரூபாய் கிடைக்காத காலம் அது. ஆசிஃப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார். ராகம் சோஹனி. நம்முடைய ஹம்சாநந்திக்கு மிக நெருங்கிய ராகம். பின்னிரவில் பாடுவது. ஹம்சாநந்தியைக் கேட்டிருப்பவர்களுக்கு அந்தத் தவிப்பு புரியும்; நிலைகொள்ள இடம் கிடைக்காமல் மேலே மேலே தேடிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு பேருக்கும் நிற்க ஓர் இடம் இல்லை என்பதை ராகம் சொல்லிவிடுகிறது. வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இந்திய சினிமாவில் இதைவிட நெருக்கமான காதல் காட்சி இல்லை என்று சொல்பவர்கள் உண்டு. நானும் அவர்களோடு சேர்ந்தவள். ஆனால் அந்தக் காட்சி எடுத்த நாட்களில் திலீப் குமாரும் மதுபாலாவும் ஒருவருக்கொருவர் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்வதில்லை. பிற்காலத்தில் திலீப் குமாரே தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்.

1951ல் ‘தரானா’ படத்தில் சேர்ந்து நடித்தபோது நெருங்கியவர்கள் அவர்கள். பிறகு ‘நயா தௌர்’ படம் வந்தது. போபால் பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு மகளை அனுப்ப மதுபாலாவின் தந்தை சம்மதிக்கவில்லை. தயாரித்து இயக்கிய பி.ஆர். சோப்ரா மதுபாலாவை நீக்கிவிட்டு நம் வைஜயந்திமாலாவை வைத்துப் படத்தை எடுத்தார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அங்கே திலீப் குமார் சோப்ரா பக்கம் சாட்சி சொன்னார். அதோடு முடிந்தது. முடிந்த பிறகும் இருவரும் ஸ்டுடியோவுக்கு வந்து, மேக்கப் போட்டுக்கொண்டு, சலீமாகவும் அனார்கலியாகவும் நின்றார்கள். அந்த இறகுக் காட்சியில் அவள் கண்களை மூடியிருக்கிறாள். மூடிய கண்ணுக்குள் என்ன இருந்தது என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் பார்க்கும்போது மனம் கேட்கத்தான் செய்கிறது.

மதுபாலாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அது சென்னையில் நடந்தது. 1954ல் ஜெமினி எஸ்.எஸ். வாசனின் ‘பஹுத் தின் ஹுவே’ என்ற இந்திப் படத்துக்காக அவர் சென்னைக்கு வந்திருந்தார். படப்பிடிப்பின்போது ரத்த வாந்தி எடுத்தார். இதயத்தில் பிறவியிலேயே ஓட்டை இருந்தது. இன்றைக்கு அறுவை சிகிச்சையால் சரி செய்யக்கூடிய குறை. அன்று இங்கே அதற்கு வழி இல்லை. ‘முகல்-ஏ-ஆசம்’ படத்தில் பெரும்பகுதியை அந்த இதயத்தோடுதான் நடித்தார். சிறைக் காட்சிகளில் அவர் உடம்பில் கிடப்பவை நிஜமான இரும்புச் சங்கிலிகள். இலேசான போலிச் சங்கிலி போட்டால் நடையில் அந்தப் பாரம் வராது என்று இயக்குநர் நினைத்தார். அது சரியான முடிவு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு நோயாளியின் மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றியிருக்க வேண்டாம். சிறையில் வரும் பாட்டில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிகிற இடத்தை இப்போதெல்லாம் என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

சரி, கதைக்கு வருவோம். பஹார் கோள் சொல்ல, அக்பருக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. அனார்கலி சிறைக்குப் போகிறாள். சலீமை மறந்துவிட்டதாக அவனை நம்ப வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுதலை. அவள் வாய் திறக்க முடியாமல் நிற்க, சலீம் அவளைக் கோழை என்று நினைத்துத் திட்டிவிடுகிறான். மறுநாள் அரசர் முன் ஆட வேண்டும். கண்ணாடி மாளிகை. ஷீஷ் மஹல்.

இதுவரை கறுப்பு வெள்ளையில் ஓடிக்கொண்டிருந்த படம் இந்த இடத்தில் கலருக்கு மாறுகிறது. 1960ல் அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 2004ல் கணினி மூலம் முழுப் படத்துக்கும் வண்ணம் சேர்த்து வெளியிட்டார்கள். நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஆனாலும் பழைய பிரதியைப் பார்ப்பதே மேல் என்பேன். முழுக்க வண்ணமாகிவிட்டால், கறுப்பு வெள்ளையிலிருந்து அவள் திடீரென்று வண்ணத்துக்குள் அடியெடுத்து வைக்கிற அந்த நொடி போய்விடுகிறது. அந்த மாளிகை செட் 150 அடி நீளம், 80 அடி அகலம், 35 அடி உயரம். பெல்ஜியத்திலிருந்து வரவழைத்த கண்ணாடி. கட்டி முடிக்கவே இரண்டு வருடம். விளக்குப் போட்டால் ஆயிரக்கணக்கான கண்ணாடித் துண்டுகள் ஒளியைத் திருப்பி கேமராவின் கண்ணில் அடித்தன. ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாதுர் விளக்கை நேராகக் காட்டாமல், வேறொன்றில் பட்டுத் திரும்பும் மென்மையான ஒளியில் படம் எடுத்தார்.

இவ்வளவு பாடும் எதற்காக? ஒரே ஒரு காட்சிக்காக. காதலித்தேன், அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று அவள் பாடுகிறாள். ஆண்டவனிடமே மறைக்காததை மனிதர்களிடம் ஏன் மறைக்க வேண்டும் என்று கேட்கிறாள். அக்பரின் முகம் சிவக்கிறது. பார்வையைத் திருப்பிக்கொண்டு மேலே பார்க்கிறார். கூரையில் பதித்த ஒவ்வொரு கண்ணாடியிலும் அவள் ஆடிக்கொண்டிருக்கிறாள். இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவள். கண்ணை எங்கே திருப்பினாலும் அந்தப் பணிப்பெண்தான். நாட்டையே ஆள்கிறவருக்கு அவளைப் பார்க்காமல் இருக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. பாட்டு முடிந்ததும் அவளை இழுத்துப்போகிறார்கள். ஆனால் அங்கே தோற்றது யார் என்பது அவையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அக்பரை வில்லன் என்று நான் நினைக்கவில்லை. படமும் அப்படிக் காட்டவில்லை. படத்தின் தொடக்கத்தில் அவர் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து போகிறார். பிள்ளை வரம் கேட்டு ஒரு ஞானியின் தர்காவுக்குப் போகிறார். வரலாற்றிலும் ஷேக் சலீம் சிஷ்தியின் ஆசியால் பிறந்த பிள்ளை என்பதால்தான் 1569ல் பிறந்த மகனுக்குச் சலீம் என்று பெயர் வைத்தார். அப்படித் தவமிருந்து பெற்ற பிள்ளையின் எதிரில் ஒரு கட்டத்தில் படையோடு நிற்கிறார். போரில் ஜெயித்து அந்தப் பிள்ளைக்கே மரண தண்டனை விதிக்கிறார். அனார்கலியை ஒப்படைத்தால் உயிர் பிழைக்கலாம் என்கிறார். சலீம் ஒப்படைக்க மறுக்கிறான். ஒளிந்திருந்தவள் தானாக வந்து நிற்கிறாள். பிருத்விராஜ் கபூரின் நடை, அந்தக் கனத்த குரல், இவற்றைப் பார்த்தால் உள்ளே உடைந்துகொண்டிருக்கும் ஒரு தகப்பன் தெரிகிறார். அரசராக இருப்பதால் அழ முடியாத தகப்பன். அவர் அணியும் கவசம் போருக்கு மட்டும் போட்டுக்கொள்வது இல்லை என்று தோன்றும்.

நமக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அம்பிகாபதியும் அமராவதியும். அங்கே காதலி சோழ இளவரசி, காதலன் கம்பருடைய மகன். காமம் கலக்காமல் நூறு பாடல் பாட வேண்டும் என்பது நிபந்தனை. கடவுள் வாழ்த்தையும் சேர்த்து எண்ணிவிட்டாள் அமராவதி. நூறு முடிந்ததென்று முகம் காட்டிவிட்டாள். அவன் கொலைக்களத்துக்குப் போனான். ஒரு எண்ணிக்கைப் பிழையில் உயிர் போன கதை. அதைப் பாடம் நடத்தும்போது மாணவிகள் அழுவார்கள். அனார்கலியின் கதையில் அப்படி எந்தத் தவறும் நடக்கவில்லை. அவள் எதையும் தப்பாகக் கணக்குப் போடவில்லை. என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் கண்ணாடி மாளிகைக்குள் போனாள். அதனால்தானோ என்னவோ, அம்பிகாபதிக்கு வருகிற அழுகை எனக்கு இவளுக்கு வருவதில்லை. அதைவிடப் பெரிய ஒன்று வருகிறது. அதற்குப் பெயர் தெரியவில்லை.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

சாவதற்கு முன் கடைசி ஆசை என்ன என்று கேட்கிறார்கள். சில மணி நேரம் இளவரசரின் அரசியாக இருக்க வேண்டும் என்கிறாள். அக்பருக்கு ஆத்திரம். கடைசியில் உன் பேராசை வெளியே வந்துவிட்டது என்பது போலப் பேசுகிறார். அவள் விளக்குகிறாள். உன்னை ஹிந்துஸ்தானத்தின் அரசியாக்குவேன் என்று சலீம் அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நாளை பட்டத்துக்கு வரப்போகிறவன் வாக்குத் தவறியவன் ஆகக்கூடாது. அவளுக்கு வேண்டியது கிரீடம் இல்லை, அவன் சொல் பொய்க்காமல் இருப்பது. அரசர் சம்மதிக்கிறார். ஆனால் விடிவதற்குள் சலீமை மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட வேண்டும், உன்னைக் கொண்டுபோகும்போது அவன் எழுந்து வாளெடுக்கக் கூடாது என்கிறார். அதற்கும் சரி என்கிறாள்.

அப்புறம் நன்றி சொல்கிறாள். பேரரசர் அள்ளிக் கொடுத்த இத்தனை கொடைகளுக்குப் பதிலாக, ஜலாலுத்தீன் முகம்மது அக்பருக்கு இந்த அடிமைப்பெண் தன் கொலையை மன்னிக்கிறாள். இதுதான் அந்த வசனத்தின் பொருள்.

என் தோழி இந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டாள். “கவனிச்சியா? பேரைச் சொல்லிட்டா” என்றாள். எனக்கு முதலில் பிடிபடவில்லை. பிறகு அவள் சொன்னாள். படம் முழுவதும் யாரும் அரசரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ஷாஹென்ஷா, ஸில்லே இலாஹி, ஆலம்பனா என்று பட்டங்கள்தான். பெற்ற மகனே அப்படித்தான் பேசுகிறான். ஒரு பணிப்பெண் தன் மரணத்துக்கு முதல்நாள் பட்டத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, தாய் தகப்பன் வைத்த முழுப் பெயரைச் சொல்லி அந்த மனிதரை மன்னிக்கிறாள். மன்னிப்பது அரசருடைய வேலை. அடிமை கேட்க வேண்டியவள். அங்கே அவள் கொடுக்கிறாள், அவர் வாங்கிக்கொள்கிறார். தன் பெயரை அரசரிடம் பறிகொடுத்த நாதிரா, அரசரின் பெயரை அரசருக்கே திருப்பிக் கொடுக்கிறாள். மதுபாலா அந்த வசனத்தைக் குரலை உயர்த்தாமல்தான் சொல்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றைக்கு மேற்கொண்டு பார்க்க முடியவில்லை. மீதியை அடுத்த நாள் பார்த்தோம்.

மீதியில் என்ன இருக்கிறது? ஊர் அறிந்த கதையில் அனார்கலியை உயிரோடு சுவரில் வைத்துப் பூசிவிடுவார்கள். ஆசிஃப் அதை மாற்றினார். செங்கல் ஒவ்வொன்றாக ஏறுகிறது. அவளுடைய தாய் அக்பரிடம் ஓடி வருகிறாள். சலீம் பிறந்த செய்தியை முதலில் கொண்டுவந்து சொன்னவள் அந்தத் தாய்தான். அன்றைக்கு மகிழ்ச்சியில் அக்பர் ஒரு மோதிரத்தைக் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் ஒன்று கேள், தருகிறேன் என்று வாக்களித்திருந்தார். இப்போது அவள் கேட்கிறாள். அரசர் வாக்குத் தவறவில்லை. சுவருக்குப் பின்னால் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. தாயும் மகளும் அதன் வழியாக நாட்டைவிட்டே போய்விட வேண்டும். அவள் உயிரோடு இருப்பது சலீமுக்கு ஒருபோதும் தெரியக்கூடாது.

மங்களமான முடிவு கொடுப்பதற்காக மாற்றினார்கள் என்று சிலர் குறை சொல்வார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். உயிர் இருக்கிறது, பெயர் இல்லை. இனி எந்த ஊரில் போய் எந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு அவள் வாழ்வாள்? அவன் நினைவில் அவள் செத்துவிட்டவள். அவன் ஒருநாள் அரசனாகி, பட்டத்தோடு ஊர்வலம் போனால், கூட்டத்தில் ஒருத்தியாக நின்று பார்க்கலாம். கூப்பிட முடியாது. சுவரில் வைத்துப் பூசுவதைவிட இது எந்த வகையில் குறைந்தது?

இதெல்லாம் வரலாறா என்று கேட்பீர்கள். அக்பர் காலத்து அரண்மனைக் குறிப்புகளில் இந்தக் காதல் இல்லை. ஜஹாங்கீர் என்ற பெயரோடு அரசனான சலீம் தன் வாழ்க்கையைத் தானே எழுதியிருக்கிறார். அதிலும் அவள் இல்லை. 1611ல் லாகூருக்கு வந்த வில்லியம் ஃபின்ச் என்ற ஆங்கில வியாபாரி, இப்படி ஒரு பெண்ணை அக்பர் சுவரில் வைத்து அடைத்ததாகக் கேள்விப்பட்டு எழுதி வைத்தார். பிறகு வாய்மொழியாக வளர்ந்தது. 1922ல் லாகூரைச் சேர்ந்த இம்தியாஸ் அலி தாஜ் உருதில் நாடகமாக எழுதினார். அதிலிருந்துதான் சினிமாக்கள் கிளைத்தன. ஆசிஃப் இந்தப் படத்தைத் தொடங்கியது 1940களில். அப்போது அனார்கலியாக நடிக்க இருந்தவர் நர்கீஸ், அக்பராக நடித்தவர் சந்திரமோகன். நாடு பிரிந்தது, பணம் போட்ட ஷிராஸ் அலி பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். சந்திரமோகன் இறந்துபோனார். ஷாபூர்ஜி பலோன்ஜி என்ற கட்டுமானத் தொழிலதிபர் பணம் கொடுக்க முன்வந்த பிறகு எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பித்தார்கள். கடைசியில் செலவு ஒன்றரைக் கோடி ரூபாயைத் தொட்டது என்கிறார்கள். ஆசிஃப் முழுதாக இயக்கி முடித்தவை இரண்டே படங்கள். இது இரண்டாவது.

லாகூரில் அனார்கலியின் சமாதி என்று ஒரு கட்டடம் இருக்கிறது. எட்டுப்பட்டை வடிவம். ஆங்கிலேயர் காலத்தில் சில வருடம் தேவாலயமாக இருந்து, பிறகு அரசு ஆவணக் காப்பகம் ஆனது. உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குக் கல்லறை. அதன்மேல் இறைவனின் 99 திருநாமங்களைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பாரசீகக் கவிதையும் இருக்கிறது. என் அன்புக்குரியவளின் முகத்தை இன்னொரு தடவை பார்க்க முடிந்தால் இறுதித் தீர்ப்பு நாள் வரைக்கும் இறைவனுக்கு நன்றி சொல்வேன் என்று அதற்கு அர்த்தம். கீழே கையெழுத்து: மஜ்னூன் சலீம் அக்பர். அதாவது, அக்பரின் மகன், பித்துப்பிடித்த சலீம். கடவுளின் பெயர்கள் இருக்கின்றன, காதலன் பெயர் இருக்கிறது, அவனுடைய தகப்பன் பெயரும் இருக்கிறது. உள்ளே இருப்பவளின் பெயர் மட்டும் இல்லை. அங்கே இருப்பது ஜஹாங்கீரின் வேறொரு மனைவி என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. யாராக இருந்தாலும் ஒரு பெண். பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

மதுபாலா என்பதும் வைத்த பெயர்தான். அவர் மும்தாஜ் ஜஹான் பேகம். குழந்தை நட்சத்திரமாக பேபி மும்தாஜ், பிறகு சினிமாவுக்காக மதுபாலா. இந்தப் படம் வெளியான பிறகு உடல்நிலை மோசமாகிக்கொண்டே போய், பல வருடம் வீட்டிலேயே கிடந்து, 1969 பிப்ரவரி 23ஆம் தேதி இறந்தார். 36 வயது முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. மும்பையில் ஜுஹு பக்கத்து முஸ்லிம் அடக்கத்தலத்தில் அவருக்குப் பளிங்கில் கல்லறை கட்டியிருந்தார்கள். 2010ல் புதிதாக வருகிறவர்களுக்கு இடம் வேண்டும் என்று பழைய கல்லறைகளை எடுத்தபோது அதுவும் போய்விட்டது. பக்கத்தில் இருந்த முகம்மது ரஃபியின் கல்லறையும் போனது. இந்தப் படத்தில் சலீமைப் பீரங்கி முன் நிறுத்தும்போது ‘காதல் வாழ்க’ என்று பெருங்குரலெடுத்துப் பாடியவர் ரஃபி.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது. நிலையத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், அன்போடு ஒப்புக்கொண்டார்கள். சின்ன வயதில் நான் அர்த்தம் தெரியாமல் கேட்ட அந்தப் பாட்டு இப்போது வரும். பாதி தாண்டியதும் லதாவின் ஒரே குரல் பலவாகி எதிரொலிக்கிற ஓர் இடம் இருக்கிறது. எதிரொலி உண்டாக்கும் கருவிகள் இல்லாத காலம். லதாவை ஸ்டுடியோவின் குளியலறையில் நிற்க வைத்துப் பதிவு செய்தார்கள் என்று சொல்வார்கள். அந்த இடம் வரும்போது அரசர் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பாடல் ஷகீல் பதாயூனி. இசை நௌஷாத். பாடியவர் லதா மங்கேஷ்கர்.